சென்னை மாகாணப் பயணியர் விடுதிகளும் சிற்றுண்டிச்சாலைகளும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பயணம் செய்தவர்கள் தங்குவதற்கும் உண்பதற்கும் நான்கு வகையான இடங்கள் இருந்தன. அவை அறக்கட்டளைச் சத்திரங்கள், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்திய பயணியர் மாளிகைகள், தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டி அறைகள், தனியார் நடத்திய காப்பி கிளப்புகளும் ஓட்டல்களும் ஆகும். இந்நான்கும் ஒரே காலத்தில் அருகருகே இயங்கின. எனினும் எல்லாப் பயணிகளும் எல்லா இடங்களிலும் உண்ண முடியவில்லை. பயணியின் இனம், சாதி, பயண வகுப்பு ஆகியவையே அவர் எந்த வாயிலில் நுழையலாம் என்பதைத் தீர்மானித்தன. தொடர்வண்டிப் பெட்டியில் கலந்து அமர்ந்து வந்தவர்கள், உணவுக்காக இறங்கியபோது பிரிந்து செல்ல வேண்டியிருந்தது. சென்னை மாகாணத் தொடர்வண்டி நிலையங்களில் இப்பிரிவினை 1941 ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இக்கட்டுரை இவ்விடங்களின் தோற்றத்தையும் நடைமுறையையும் மாற்றத்தையும் விளக்குகிறது. மைசூர் எல்லையை ஒட்டிய ஓசூர், பாகலூர் பகுதியின் நிலை தனித் தலைப்பில் தரப்பட்டுள்ளது.

பெயர்கள்

பயணிகள் தங்கும் இடத்தைக் குறிக்கச் சத்திரம், சாவடி, மடம் ஆகிய சொற்கள் பழங்காலம் முதல் வழங்கின. சத்திரம் என்பது பெரும்பாலும் அறக்கட்டளை வருவாயில் நடப்பது. சாவடி என்பது ஊரின் பொதுக் கட்டிடம். அங்கு வழிப்போக்கர் இரவில் படுத்துறங்கலாம். மாட்டு வண்டிகள் அவிழ்த்து நிறுத்தப்படும் இடம் வண்டிப்பேட்டை எனப்பட்டது. கோடைக் காலத்தில் நீரும் மோரும் வழங்கும் பந்தல் தண்ணீர்ப் பந்தல் ஆகும்.

ஆங்கிலேயர் காலத்துப் பயணியர் மாளிகை மக்களால் டிராவலர்ஸ் பங்களா என்றும், அரபுச் சொல்லான முசாபர் (பயணி) என்பதன் அடியாக முசாபரி பங்களா என்றும் அழைக்கப்பட்டது. சில ஊர்களில் இன்றும் வழங்கும் டி.பி. சாலை என்ற தெருப்பெயர் இதன் எச்சமே.

ஓட்டல் என்னும் சொல் தமிழில் தன் பொருளை மாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் தங்கும் விடுதியைக் குறிக்கும் இச்சொல், தமிழில் முதன்மையாக உணவகத்தைக் குறிக்கிறது. தங்கும் இடத்துக்கு லாட்ஜ் என்ற சொல் வந்தது. கிளப் என்பதும் உறுப்பினர் கழகம் என்ற பொருளை இழந்து, காப்பியும் பலகாரமும் விற்கும் கடையைக் குறித்தது. டிபன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் இட்லி, தோசை முதலிய சிற்றுண்டிகளுக்குப் பொதுப்பெயராயிற்று. இறைச்சி உணவு விற்கும் கடைகள் தமிழ்நாட்டிலும் மைசூர்ப் பகுதியிலும் மிலிட்டரி ஓட்டல் எனப் பெயர் பெற்றன.

சத்திரங்கள்

தொடர்வண்டி வருவதற்கு முன்னர் நெடும்பயணம் என்பது கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ நடைபெற்றது. ஒரு நாள் நடை தொலைவை அளவாகக் கொண்டு சாலையோரங்களில் சத்திரங்கள், தோப்புகள், கிணறுகள், சுமைதாங்கிகள் ஆகியவை அமைக்கப்பட்டன. மன்னர்களும் பாளையக்காரர்களும் வணிகர்களும் இவற்றைப் புண்ணியச் செயலாகக் கருதி நிறுவினர். மதுரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள இராணி மங்கம்மாள் சத்திரமும், சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும், சத்திர மரபு தொடர்வண்டிக் காலத்திலும் பயன்பட்டதைக் காட்டுகின்றன.

தஞ்சை மராட்டியர் நிறுவிய சத்திரங்கள் அளவாலும் நடைமுறையாலும் தனிச்சிறப்பு உடையவை. இச்சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவளிக்கப்படுவதாக இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டு எழுதிய மடலில் தெரிவித்துள்ளார். உணவருந்தும் இடமும் சமைப்போரும் சாதிக்கேற்ப வேறுபட்டாலும், எவரும் பசியோடு அனுப்பப்படவில்லை என்பது இம்மரபின் கருத்து.

எல்லாச் சத்திரங்களும் இத்தகையன அல்ல. பலவற்றில் சமைத்த உணவு பிராமணருக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. பிற சாதியினர் திண்ணையிலோ வெளிக்கூடத்திலோ தங்கித் தாமே சமைத்துக்கொண்டனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பாலும் கட்டிடத்துக்குள் நுழையவே இயலவில்லை. இவ்வேறுபாடு தமிழகத்துக்கு வெளியே தமிழர் நிறுவிய அறநிலையங்களிலும் காணப்பட்டது. 1904 ஆம் ஆண்டு காசிக்குச் சென்ற ஈ. வெ. இராமசாமி, தென்னாட்டு வணிகர் ஒருவர் கட்டிய சத்திரத்தில் பிராமணர் அல்லாதவர் என்ற காரணத்தால் உணவு மறுக்கப்பட்டார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளாட்சிச் சட்டங்களின் வழியே சத்திரங்கள் பல மாவட்டக் கழகங்களின் மேற்பார்வைக்கு வந்தன. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் இடத்தில் ஒரு சாராரை விலக்கலாமா என்ற வினா இதன் பின்னரே வலுவாக எழுந்தது.

பயணியர் மாளிகைகள்

பயணியர் மாளிகைகள் முதன்மையாக அலுவல் பயணம் செய்யும் அதிகாரிகளுக்காகவும் ஐரோப்பியப் பயணிகளுக்காகவும் அமைக்கப்பட்டன. வட்டத் தலைநகரங்களிலும் நெடுஞ்சாலை ஊர்களிலும் இவை இருந்தன. இரண்டு அல்லது மூன்று அறைகள், அகன்ற தாழ்வாரம், தனிச் சமையற்கட்டு, குதிரைக் கொட்டில் ஆகியவை கொண்ட ஓட்டுக் கட்டிடங்களாக இவை பெரும்பாலும் காணப்பட்டன.

கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவை மாளிகையில் இருக்கும். படுக்கை விரிப்பையும் உணவுப் பொருள்களையும் பயணியே கொண்டுவருவது வழக்கம். காவலாளி ஒருவர் எப்போதும் இருப்பார். சில இடங்களில் மட்டுமே சமையற்காரர் இருந்தார். தங்குவோர் நாட்கட்டணம் செலுத்தி, அங்குள்ள பதிவேட்டில் பெயரை எழுத வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தங்கியவர், புதிதாக ஒருவர் வந்தால் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இவ்வகை மாளிகைகளில் பொதுவான விதியாகும். அலுவல் பயணத்தில் உள்ள அதிகாரிகளுக்கு முன்னுரிமை உண்டு.

தென்னிந்திய இரயில்வே வெளியிட்ட படங்களுடன் கூடிய பயண வழிகாட்டி நூல், ஒவ்வொரு நிலையத்துக்கும் அவ்வூரில் உள்ள தங்குமிடம், வண்டி வசதி, நிலையத்தில் உள்ள வசதிகள், திருவிழாக்கள், காணத்தக்க இடங்கள் ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் தருகிறது. தங்குமிடம் என்ற தலைப்பின் கீழ், ஐரோப்பியருக்கான பயணியர் மாளிகையும் இந்துக்களுக்கான சத்திரங்களும் வேறு வேறாகக் குறிக்கப்படுகின்றன. ஒரே ஊரில் இருவேறு பயண உலகங்கள் இருந்ததற்கு இந்நூல் நல்ல சான்றாகும்.

தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டி அறைகள்

தோற்றம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 ஆம் ஆண்டு சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. 1864 ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது. 1908 ஆம் ஆண்டு பழைய சென்னை இரயில்வே பிரிக்கப்பட்டது. சோலையார்பேட்டை வரையிலான முதன்மைப் பாதையும் பெங்களூர்க் கிளையும் சென்னை மற்றும் தென் மராட்டா இரயில்வேயின் கீழ் வந்தன. சோலையார்பேட்டையிலிருந்து சேலம் வழியே மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் பாதை தென்னிந்திய இரயில்வேயைச் சேர்ந்தது.

அக்காலப் பெட்டிகளில் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் உள்வழி இல்லை. எனவே ஓடும் வண்டியில் உணவு வழங்குவது அரிது. பயணிகள் இறங்கி உண்பதற்காகவே வண்டிகள் சில நிலையங்களில் நெடுநேரம் நின்றன. இங்கிலாந்தில் சுவிண்டன் நிலையம் இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரியாகும். அங்கு 1842 ஆம் ஆண்டு சிற்றுண்டி அறைகள் திறக்கப்பட்டன. ஒப்பந்தப்படி எல்லா வண்டிகளும் அந்நிலையத்தில் பத்து நிமிடங்கள் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் 1895 ஆம் ஆண்டு வரை இருந்தது. தென்னிந்தியாவில் அரக்கோணம், சோலையார்பேட்டை போன்ற சந்திப்புகள் இத்தகைய உணவு நிறுத்தங்களாக வளர்ந்தன.

ஐரோப்பியச் சிற்றுண்டி அறைகள்

மேல் வகுப்புப் பயணிகளுக்கான சிற்றுண்டி அறைகள் பெரிய வணிக நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டன. கிழக்கிந்தியாவில் கெல்னர் நிறுவனமும், மேற்கிந்தியாவில் பிராண்டன் நிறுவனமும், தெற்கில் சென்னையின் ஸ்பென்சர் நிறுவனமும் இத்தொழிலில் முன்னணியில் இருந்தன. ஸ்பென்சர் நிறுவனம் தங்கும் விடுதிகளையும் நடத்தியது. சென்னையின் கன்னிமாரா விடுதி அதற்குரியதாக இருந்தது. 1912 ஆம் ஆண்டு பெங்களூரின் வெஸ்ட் எண்டு விடுதியையும் அது வாங்கியது. இதனால் தென்னிந்தியாவில் பயணம் செய்த ஓர் ஐரோப்பியர், விடுதியிலும் நிலையத்திலும் ஒரே நிறுவனத்தின் உணவையே உண்ணக்கூடிய நிலை உருவானது.

உணவு தேவைப்படும் பயணி முன்னதாகவே வண்டிக் காப்பாளரிடம் தெரிவிப்பார். காப்பாளர் அடுத்து வரும் உணவு நிலையத்துக்குத் தந்தி கொடுப்பார். வண்டி வந்து சேரும்போது மேசையில் உணவு ஆயத்தமாக இருக்கும். பெரிய நிலையங்களில் சிற்றுண்டி அறையுடன் ஓய்வறைகளும் அமைந்தன.

இந்தியருக்கான ஏற்பாடுகள்

தொடர்வண்டி நிறுவனங்களின் பயணியர் வருவாயில் பெரும்பங்கு மூன்றாம் வகுப்புப் பயணிகளிடமிருந்தே வந்தது. எனினும் அவர்களுக்கான உணவு வசதி மிகக் குறைவாகவே இருந்தது. பெரும்பாலோர் புளியோதரை, தயிர்ச்சோறு முதலிய கட்டுச்சோற்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்தனர். தொலைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. யார் சமைத்தது, யார் தொட்டது என்று தெரியாத உணவை உண்ணக்கூடாது என்ற கட்டுப்பாடும் காரணமாகும். நிலையங்களில் குடிநீர் வழங்குவதற்குப் பிராமணர்களை நியமிப்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் கையால் ஊற்றும் நீரை எல்லாச் சாதியினரும் ஏற்பர் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம்.

மோகன்தாசு கரம்சந்த் காந்தி 1917 ஆம் ஆண்டு எழுதிய "இந்திய இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு" என்னும் சிறுநூல் இந்நிலையை விளக்குகிறது. பம்பாயிலிருந்து சென்னைக்குத் தாம் செய்த பயணத்தை முன்வைத்து, நெரிசல், கழிப்பறைகளின் சீர்கேடு ஆகியவற்றுடன், நிலையங்களில் விற்கப்பட்ட தின்பண்டங்களின் தூய்மைக்கேட்டையும் தேநீரின் தரத்தையும் அவர் கண்டித்தார்.

பின்னர் முதன்மை நிலையங்களில் இந்தியச் சிற்றுண்டி அறைகள் திறக்கப்பட்டன. மரக்கறி உணவறைகள் பெரும்பாலும் பிராமண ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டன. இவ்வறைகளில் பிராமணருக்கு ஓர் இடமும் பிறருக்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டன. ஒரே அடுப்பில் சமைத்த உணவுதான் இரு இடங்களிலும் பரிமாறப்பட்டது. வேறுபட்டது அமரும் இடம் மட்டுமே.

காப்பி கிளப்புகளும் ஓட்டல்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களில் விரைவாகப் பரவியது. பழைய சோறும் நீராகாரமும் இருந்த காலை வேளையில் காப்பியும் இட்லியும் இடம்பெற்றன. இப்பண்பாட்டு மாற்றத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

நிலையத்துக்கு வெளியேயும் கடைத்தெருவிலும் தோன்றிய காப்பி கிளப்புகள் பயணிகளுக்குப் புதிய வசதியை அளித்தன. சத்திரத்தில் உணவு இலவசம். ஆனால் அதற்கு நேரமும் தகுதியும் உண்டு. காப்பி கிளப்பில் காசு கொடுத்தால் எந்நேரமும் உண்ணலாம். கோட்பாட்டளவில் இது சாதியைக் கடந்த வணிகம். நடைமுறையில் அவ்வாறு அமையவில்லை. "பிராமணாள் காப்பி கிளப்" என்ற பலகை இரண்டு பொருள்களைத் தந்தது. ஒன்று, சமைப்பவர் பிராமணர், ஆகவே உணவு ஆசாரமானது என்ற விளம்பரம். மற்றொன்று, உள்ளே உண்போருக்கு இடையே வேறுபாடு உண்டு என்ற அறிவிப்பு. பல கடைகளில் பிராமணர் உள்ளறையிலும் பிறர் வெளியறையிலும் அமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்த கடைகளும் இருந்தன.

இத்துறையில் தென்கன்னடப் பகுதியின் உடுப்பியைச் சேர்ந்தோர் பெரும்பங்கு ஆற்றினர். மடங்களிலும் கோயில்களிலும் பெருந்திரளுக்குச் சமைத்த பழக்கம் அவர்களுக்குத் தொழில் முதலாயிற்று. பெங்களூரில் பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவருடைய உடன்பிறந்தாரும் 1924 ஆம் ஆண்டு பிராமின் காபி கிளப் என்ற கடையைத் தொடங்கினர். இதுவே பின்னாளில் மாவள்ளி டிபன் ரூம் (எம்.டி.ஆர்.) எனப் பெயர் மாறியது. சென்னையில் கே. கிருஷ்ணராவ் 1938 ஆம் ஆண்டு இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். தங்கும் அறையையும் மரக்கறி உணவகத்தையும் ஒருங்கே கொண்ட இவ்வமைப்பு, இந்தியப் பயணிகள் ஐரோப்பிய விடுதியையோ சத்திரத்தையோ நாடாமல் தங்குவதற்கு வழி செய்தது.

பேருந்துப் போக்குவரத்து இவ்வளர்ச்சியை விரைவுபடுத்தியது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912 ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1920களில் மாகாணம் எங்கும் தனியார் பேருந்துகள் பரவின. தொடர்வண்டி எட்டாத ஊர்களிலும் பேருந்து நிற்குமிடத்தை ஒட்டிக் காப்பிக் கடைகள் தோன்றின.

ஓசூர், பாகலூர் பகுதி

பாகலூர் இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், ஓசூருக்குச் சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் இது சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டம் மைசூர் மேட்டுநிலத்தின் தொடர்ச்சியாக அமைந்துள்ளதால் பாலாகாட் எனப்பட்டது. பாகலூர், பேரிகை, சூளகிரி, அங்குசகிரி ஆகியவை இவ்வட்டத்தின் பாளையங்களாகும். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் இங்கு வழங்குகின்றன.

பாகலூரின் அமைவிடம் பயண வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஊருக்கு வடக்கே மைசூர் நாட்டின் மாலூர் நிலையம், 1864 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சோலையார்பேட்டை-பெங்களூர் அகலப் பாதையில் இருந்தது. தெற்கே ஓசூர் நெடுங்காலம் தொடர்வண்டி இல்லாத ஊராகவே இருந்தது. எனவே முதன்மைப் பாதையை அடைய விரும்பியவருக்கு மாகாண எல்லையைக் கடந்து மாலூர் செல்வது ஒரு வழியாக அமைந்தது.

1898 ஆம் ஆண்டு பெங்களூரில் கொள்ளைநோய் பரவியது. எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டமும் இதனால் பாதிக்கப்பட்டது. நோய் பரவிய பகுதிகளிலிருந்து வருவோரைச் சென்னை மாகாண அரசு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கி, சென்று சேரும் ஊரில் சில நாட்கள் கண்காணித்தது. வழிப்போக்கரை வரவேற்பது அறம் என்ற நாட்டில், வழிப்போக்கர் அச்சத்துக்குரியவராக ஆனது இக்காலத்தில்தான்.

பஞ்சக் காலங்களில் உணவுத் தானியம் கொண்டுசெல்லும் நோக்குடன் சேலம் மாவட்டத்தில் இரண்டு குறுகிய பாதைகள் அமைக்கப்பட்டன. திருப்பத்தூர்-கிருட்டிணகிரிப் பாதை 1905 ஆம் ஆண்டிலும், மொரப்பூர்-தருமபுரிப் பாதை 1906 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இரண்டாவது பாதை பாலக்கோடு, இராயக்கோட்டை வழியே 1913 ஆம் ஆண்டு ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டரை அடி அகலமுள்ள இப்பாதையில் வண்டிகள் மெதுவாகவே ஓடின. இதன் பின்னர் பாகலூர்ப் பயணிக்கு இரு வழிகள் இருந்தன. மாலூர் சென்று அகலப் பாதை வண்டியில் ஏறினால் ஒருபுறம் பெங்களூரையும் மறுபுறம் சோலையார்பேட்டை வழியே சென்னையையும் அடையலாம். ஓசூர் சென்று குறுகிய பாதை வண்டியில் ஏறினால் மொரப்பூரில் இறங்கிச் சேலம், கோயம்புத்தூர் செல்லும் வண்டிக்கு மாறலாம். இரண்டாவது வழியில் கேழ்வரகுக் களியோ கட்டுச்சோறோ கையில் இருப்பது நல்லது. பெரிய சந்திப்புகளில் இருந்தவை போன்ற உணவறைகள் குறுகிய பாதையின் சிறு நிலையங்களில் அமையவில்லை.

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த சி. இராசகோபாலாச்சாரி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1937 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூர் வட்டச் சாலையோரக் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் இதனால் மூடப்பட்டன. எல்லைக்கு அப்பால் மைசூர் நாட்டில் அப்போது மதுவிலக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 ஆம் ஆண்டு, இவ்விரு குறுகிய பாதைகளும் மூடப்பட்டன. ஓசூர்ப் பகுதி மீண்டும் சாலையையே நம்பியது. நிலையச் சிற்றுண்டி அறைகளில் சாதிப் பிரிவு நீக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.  இங்குள்ளவர்கள் அதன் பயனை மாலூர், பெங்களூர், சேலம் போன்ற இடங்களுக்குச் சென்றே காண முடிந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் சேலம்-பெங்களூர் மீட்டர் பாதை அமைக்கப்பட்டபோது ஓசூர் மீண்டும் தொடர்வண்டி வரைபடத்தில் இடம்பெற்றது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் ஓசூர் பெரும் தொழில் நகரமாக வளர்ந்தது. தொழிலாளர்களும் சரக்குந்து ஓட்டுநர்களும் இப்பகுதி உணவகங்களின் முதன்மை வாடிக்கையாளர்களாயினர்.

பிரிவினைக்கு எதிரான முயற்சிகள்

உணவருந்தும் இடத்தில் பிரிவினை என்பது 1920களில் அரசியல் சிக்கலாக மாறியது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டது 1924-25 ஆம் ஆண்டுகளில் பெரும் எதிர்ப்பை உண்டாக்கியது. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் இவ்வேறுபாடு கூடாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1925 இல் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு விலகியதற்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

ஒடுக்கப்பட்டோருக்கு இச்சிக்கல் இன்னும் அடிப்படையானது. அவர்களுக்குத் தனி இடம் என்பதே இல்லை, நுழைவே மறுக்கப்பட்டது. பொதுச் சாலை, கிணறு, சாவடி முதலியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பேருந்துகளில் ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்தால் உரிமம் நீக்கப்படும் என, இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் ஆணையிட்டார். 1938 ஆம் ஆண்டு எம். சி. ராஜாவின் முயற்சியால், பொது வசதிகளைப் பயன்படுத்துவதில் இருந்த தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது.

தொடர்வண்டி நிலையங்களைப் பொறுத்தவரை எதிர்ப்பின் அடிப்படை எளியது. பயணச்சீட்டின் விலை எல்லோருக்கும் ஒன்று. உணவின் விலையும் ஒன்று. அவ்வாறிருக்க இடம் மட்டும் ஏன் வேறு என்பதே வினா. சுயமரியாதை இயக்கமும், 1938 இறுதியில் ஈ. வெ. இராமசாமியின் தலைமைக்கு வந்த நீதிக்கட்சியும் இக்கோரிக்கையைத் தொடர்ந்து வலியுறுத்தின. இதன் விளைவாக 1941 ஆம் ஆண்டு, நிலையச் சிற்றுண்டி அறைகளில் பிராமணர், பிறர் என்ற தனித்தனி இடங்கள் நீக்கப்பட்டன.

தனியார் ஓட்டல்களில் மாற்றம் இன்னும் மெதுவாக வந்தது. 1950 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சாதியின் பெயரால் தடை விதிக்கக்கூடாது எனக் கூறுகிறது. 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இதன் பின்னரும் "பிராமணாள்" என்ற பெயர்ப்பலகைகள் தொடர்ந்தன. அவற்றை நீக்கக் கோரித் திராவிடர் கழகம் 1957 ஆம் ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன் தொடர் மறியல் நடத்தியது. பலநூறு பேர் சிறை சென்ற இப்போராட்டம், அக்கடையின் பலகை மாற்றப்பட்டதுடன் முடிவுற்றது.

சட்டங்கள் வந்த பின்னரும் சில ஊர்களின் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நீடித்தது. 21 ஆம் நூற்றாண்டிலும் இம்முறை பதிவு செய்யப்பட்டுள்ளது.

இலங்கையில்

யாழ்ப்பாணத்திலும் ஒத்த நிலை காணப்பட்டது. சைவ உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை முதலிய அமைப்புகள் தேநீர்க்கடை நுழைவுப் போராட்டங்களை நடத்தின. 1957 ஆம் ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. எனினும் 1960களின் இறுதியிலும் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுக்கான போராட்டங்கள் தொடர்ந்தன.

பிற்கால நிலை

1950களில் இந்திய இரயில்வே சிற்றுண்டி அறைகளைத் தானே நடத்தும் முறையை விரிவுபடுத்தியது. 1999 ஆம் ஆண்டு இந்திய இரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. வண்டிகளின் வேகம் கூடி, உணவுப் பெட்டிகள் இணைக்கப்பட்டபின் நீண்ட உணவு நிறுத்தங்கள் மறைந்தன. பயணியர் மாளிகைகள் பல அரசுச் சுற்றுலா மாளிகைகளாகத் தொடர்கின்றன. சத்திரங்கள் பல திருமண மண்டபங்களாகவும் கடைகளாகவும் மாறின. அவற்றில் கட்டிடக்கலைச் சிறப்புடைய சில மட்டும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

காலவரிசை

1801 - தஞ்சைச் சத்திரங்கள் பற்றிய இரண்டாம் சரபோசியின் மடல்
1856 - தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி
1864 - சோலையார்பேட்டை-பெங்களூர்ப் பாதை திறப்பு
1898 - பெங்களூரில் கொள்ளைநோய்
1905 - திருப்பத்தூர்-கிருட்டிணகிரிக் குறுகிய பாதை
1906 - மொரப்பூர்-தருமபுரிக் குறுகிய பாதை
1913 - குறுகிய பாதை ஓசூர் வரை நீட்டிப்பு
1917 - மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றிய காந்தியின் சிறுநூல்
1924 - பெங்களூரில் பிராமின் காபி கிளப் தொடக்கம். பொது இடங்கள் பற்றிய இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம்
1937 - சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு
1938 - பொது வசதித் தடை நீக்கச் சட்டம். சென்னையில் உட்லண்ட்ஸ் விடுதி
1941 - நிலையச் சிற்றுண்டி அறைகளில் தனி இடங்கள் நீக்கம். ஓசூர், கிருட்டிணகிரிக் குறுகிய பாதைகள் மூடல்
1950 - இந்திய அரசியலமைப்பு நடைமுறை
1955 - தீண்டாமைக் குற்றச் சட்டம்
1957 - பெயர்ப்பலகை எதிர்ப்பு மறியல்

இவற்றையும் பார்க்க

சத்திரம்
பாகலூர்
ஓசூர்
தென்னிந்திய இரயில்வே
உடுப்பி உணவு
சுயமரியாதை இயக்கம்
இரட்டைக் குவளை முறை